ஆறு வந்தது

இந்த ஆட்டத்தில் ஒன்றுமில்லாதவர்தான் ஜெயிப்பார்
என்றாள் குலிக்கோ,
படகு வடிவ ரொட்டியின் நடுவில்
முட்டையைக் கலக்கிக்கொண்டே.
இரவு இரண்டு மணி. பத்தூமியில் மழை.
சீட்டுப் போடுகிறவளின் கறுப்புக் கோட்டு
நாற்காலியில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜோடி சேர்ந்தால் கேடு.
ஐந்தும் ஒரே இனமானால் கேடு.
வரிசையாக வந்தாலும் கேடுதான்.
ஏஸ்?
அவன் இங்கேயும் பெரிய மனிதன்.
பெரிய மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?
இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு.
இதைவிடத் தாழ்ந்த கை கிடையாது,
இதை வெல்ல ஆள் கிடையாது.

ஆறு ஏன் கூடாது என்றேன்.
ஆறு வந்தால் வரிசையாகிவிடும், அசடே.

மூன்று மாதம் பழகினேன்.
பகலில் சார்ப்பி எல்லையில்
லாரிகளின் எடை எழுதும் வேலை.
இரவில் சமையல் மேசையில்
எனக்கு நானே எதிராளி,
ஹேசல் கொட்டைதான் காசு.
தோற்ற பக்கம்
கொட்டையைத் தின்றுவிடும்.

பதினாறு வருடம் வேறு போக்கர் ஆடிய உடம்பு இது.
இரண்டு ராணிகளைக் கண்டால் வாலாட்டும்.
அதட்டி உட்காரவைப்பேன்.
மூன்று ஜாக்கிகளைக் கண்டால்
கதவைப் பிறாண்டும்.
சந்தோஷத்தை அடக்குவது
துக்கத்தை அடக்குவது போலில்லை.
துக்கத்தில் எனக்கு அனுபவம் உண்டு.

நவம்பரில்
விவாகரத்தில் வந்த பாதி வீட்டை
சில்லுகளாக மாற்றிக்கொண்டு
பதினொன்றாம் மாடிக்குப் போனேன்.
அறையில் ஆறு நாற்காலி.
யெரெவானின் பல் மருத்துவர் ஹ்ராயர்
விடியுமுன் காலியாகி எழுந்துபோனார்,
எல்லோருக்கும் மரியாதையாகக் கைகொடுத்துவிட்டு.
மிஞ்சியவர்களில் ஒருவர் ஜெவ்தெத்,
ரீஸெயில் தேயிலைத் தரகர்.
இலையை முகர்ந்தே விலை சொல்கிறவர்.
அவர் என் முகத்தை
அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கையில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து,
கூட ஒரு ராஜா.
ராஜாவைக் குப்பையில் போட்டேன்.
ஜெவ்தெத் மாற்றவில்லை.
தன் ஐந்து சீட்டையும்
உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

எனக்கு ஒன்று வந்தது.
மெல்ல ஓரத்தைத் தூக்கினேன்.
ஆர்ட்டின் ஆறு.

என்ன சொல்ல.
இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு,
பள்ளிப் பிள்ளைகள் உயரப்படி நிற்பதுபோல.
ஆறு வந்தது,
சோரோஹி துருக்கி மலைகளிலிருந்து
இறங்கி வருகிறதே, அப்படி வந்தது.
கரை எங்கே இருந்தது?
நான் சிரித்திருக்க வேண்டும்.
என் இரண்டு கைகளும்
பாதி வீட்டையும் நடுவில் தள்ளிவிட்டன.

அதன் பிறகுதான் நினைவு வந்தது,
இது எந்த ஆட்டம் என்று.

ஆறு, ஆறு, ஆறு
என்று நெஞ்சிடம் சொன்னேன்.
எண்ணைச் சொல்லவில்லை.
அது ஆறவில்லை.
ஜன்னலுக்கு வெளியே
கடலில் ஒரு சரக்குக் கப்பல்
விளக்கு எரிய நின்றது.
அதன் விளக்குகளை எண்ணினேன். பதினான்கு.
மறுபடி எண்ணினேன். பதிமூன்று.

ஜெவ்தெத் நெடுநேரம் பார்த்தார்.
முதல் நொடியில் என் முகத்தில் வந்ததை
அவர் முகர்ந்துவிட்டார்.
அது கலப்படமில்லாத சரக்கு.
யாராலும் நடிக்க முடியாதது.
எட்டு, ஆறு, நான்கு, மூன்று, இரண்டு:
திருப்பிக் காட்டிவிட்டு
நல்ல கையைக் கீழே போட்டார்.

உங்களுக்கு ஏழு வந்துவிட்டது, அம்மா.

நான் பதில் சொல்லவில்லை.
என் ஐந்து பிள்ளைகளையும்
முகம் கவிழ்த்தே
சீட்டுக் குப்பையில் சேர்த்தேன்.

காலையில் எடைமேடையில்
முதல் லாரி காலியாக வந்தது.
முத்திரை குத்தும்போது
கை இன்னும் நடுங்கியது.
ஓட்டுநர் ஒரு ஆரஞ்சு கொடுத்தான்.

இரவு குலிக்கோ கேட்டாள்,
ஆட்டம் பிடிபட்டதா?
இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றேன்.
பணத்தைப் பார்த்துவிட்டு
தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.